தனித்தனியாகப் பார்த்தால் நல்லது, சேர்த்தால் தகராறு: கணினி கேள்வி–பதில்

கேள்வி: ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு. 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு போட்டு 6000 வேகத்தில் ஒரு வருடமாக ஓடுகிறது. அதே கம்பெனி, அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. புது ராம் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பவர் போட்டபின் எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள் என்பதை எழுதவில்லையே! டிடிஆர்5 போர்டில் ராமை மாற்றினால், முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ஒவ்வொரு ராமுக்கும் சிக்னல் நேரத்தை அளந்து சரிசெய்துகொள்ளும். இதைத்தான் மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். நான்கு ராம் இருந்தால் இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்புதான். போர்டில் 'டிராம்' என்று எழுதியிருக்கும் சின்ன விளக்கு மட்டும் எரியும். ஒரு நிமிடத்தில் பொறுமை இழந்து ஸ்விட்சை அணைத்தால் டிரெய்னிங் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இப்படி நாலைந்து முறை அணைத்துவிட்டு 'ராம் செத்துப்போச்சு' என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் ஏராளம். கால் மணி நேரம் தொடாமல் விட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் குற்றவாளி அந்த 6000 என்ற எண். அது ராமின் அட்டையில் இருக்கிறதே தவிர, பிராசஸர் கொடுத்த வாக்கு அல்ல. உங்கள் 7600 அடங்கிய ரைசன் 7000 வரிசைக்கு, அதைத் தயாரிக்கும் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு ராமுக்கு 5200; நான்கு ராமுக்கு வெறும் 3600. ராம் கம்பெனி எழுதிவைத்த வேக அமைப்பான எக்ஸ்போ புரொஃபைலை ஆன் செய்து நீங்கள் ஓட்டிய 6000, உறுதிக்கு மேலே கிடைத்த லாபம். அந்த புரொஃபைலும் இரண்டு ராம் கொண்ட ஒரு பெட்டிக்காகச் சோதிக்கப்பட்டது. ஒரே மாடல் எண்ணில் இரண்டு பெட்டி வாங்கினாலும் உள்ளே இருக்கும் சிப் ஒன்றாகவே இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு சேனலில் (பிராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான பாதை) இரண்டு ராம் ஏன் இப்படிச் சிரமப்படுத்துகிறது? பிராசஸரிலிருந்து வரும் கம்பித்தடம் ஒரே சேனலின் இரண்டு ஸ்லாட்டுக்கும் பொது. இரண்டும் நிரம்பினால் சுமை கூடும், சிக்னல் கலங்கும், வேகத்தைக் குறைத்தால்தான் தெளியும். இரண்டு ராம் மட்டும் போடும்போது பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடச் சொல்வதும் இதனால்தான். பெரும்பாலான போர்டுகளில் அவை தடத்தின் கடைசியில் இருக்கின்றன. முதல், மூன்றாவது ஸ்லாட்டில் போட்டால் அதைத் தாண்டித் தடம் சும்மா நீண்டு கிடக்கும்; சிக்னல் அங்கே மோதித் திரும்பி வரும்.

செய்ய வேண்டியது: எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஸ்விட்சை அணைத்து வயரையும் உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். பழைய இரண்டு ராமை மட்டும் இரண்டு, நான்கில் போட்டு ஆன் செய்து, பயாஸில் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) எக்ஸ்போவை அணைத்து, புதிய பயாஸ் பதிப்பு இருந்தால் ஏற்றிவிடுங்கள். பிறகு நான்கையும் போட்டுக் காத்திருங்கள். 3600-இல் விண்டோஸ் வந்துவிட்டால் 4800 முயலலாம். அது நிலையாக ஓடினால் 5200. ஒவ்வொரு படியிலும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவிலிருந்து ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு தரும் நான்கு சுற்றும் முடியட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். 'ஏதோ ஓடுகிறது' என்று விட்டால் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெடும். 6000-ஐப் பிடிக்க எஸ்ஓசி (பிராசஸருக்குள் ராமைக் கையாளும் பகுதி) மின்னழுத்தத்தை ஏற்றும் யோசனைகள் கண்ணில் படும். 1.3 வோல்ட்டுக்கு மேலே போகாதீர்கள். பிராசஸர்கள் எரிந்த பிறகு 2023-இல் பயாஸ் வழியாகவே போட்ட வரம்பு அது.

உண்மையில் என் பரிந்துரை வேறு. 6000 வேகத்தில் இரண்டு ராம் தரும் அலைவரிசை விநாடிக்கு 96 ஜிகாபைட், 3600-இல் 57.6. அதாவது காசு கொடுத்துக் கொள்ளளவைக் கூட்டி வேகத்தை இழக்கிறீர்கள். புதியவற்றைத் திருப்ப முடிந்தால் திருப்பிவிட்டு 32 ஜிபி இரண்டு கொண்ட ஒரே பெட்டியாக வாங்குங்கள்.

கேள்வி: விளையாட்டு ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத்திரை இல்லை. விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. அது என்ன பிழை? எஸ்எம்பிஎஸ் 650 வாட். கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு 8 பின் இருக்கிறது.

பதில்: 41 என்பது காரணம் இல்லை. 'போன தடவை முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோனேன்' என்று விண்டோஸ் அடுத்த முறை எழுந்தபின் எழுதும் குறிப்பு, அவ்வளவே. மின்சாரம் போனாலும் அதே எண்தான் வரும். அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எப்படி அணைகிறது என்று கவனியுங்கள். அணைந்தபின் பவர் பட்டனுக்கு அசைவில்லாமல், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறதா? அப்படியானால் எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காகத் தானே துண்டித்துக்கொண்டது. உடனே தானாக மறுபடி ஆன் ஆனால் ராம், பிராசஸர், போர்டு என்று சந்தேக வட்டம் பெரிதாகும்.

கேபினெட்டைத் திறந்து கார்டுக்குப் போகும் வயரைப் பாருங்கள். ஒரே வயரின் முனையில் இரண்டு 8 பின் தொங்குகிறதா? பல வீடுகளில் கோளாறு இங்கேதான். ஒரு 8 பின்னுக்கு வரையறுத்த அளவு 150 வாட். இரண்டையும் ஒரே வயரில் எடுத்தால் 300 வாட், 12 வோல்ட்டில் 25 ஆம்பியர். கார்டு விளையாட்டின் நடுவே கண் இமைக்கும் நேரத்துக்குச் சராசரியைத் தாண்டி இழுக்கும். அந்த உச்சத்தில் மின்னழுத்தம் இறங்கும் அல்லது எஸ்எம்பிஎஸ் பயந்து அணையும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி வயர்கள் எடுத்துக் கார்டின் இரண்டு சாக்கெட்டிலும் சொருகுங்கள். 'கிளிக்' என்று பூட்டு விழ வேண்டும்.

வயர் போதவில்லை என்று வேறொரு மாடுலர் (வயரைக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ்ஸின் வயரை எடுத்துச் சொருகிவிடாதீர்கள். கார்டுப் பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் தரை என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். உள்ளே சரியாக நுழையும். நுழைந்து ஹார்ட் டிஸ்க்கையும் கார்டையும் சேர்த்துக் கொளுத்தும். பிராசஸருக்கான 4+4 வயரும் கார்டுக்கான 6+2 வயரும்கூட வெவ்வேறு. வயரின் முனையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

வயர் சரியாக இருந்தும் அணைகிறதென்றால், கார்டின் மென்பொருளில் பவர் லிமிட்டை 75 சதவீதமாகக் குறைத்து, ஃபிரேமை 60-க்குக் கட்டி விளையாடிப் பாருங்கள். அணைவது நின்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்தான் காரணம். அதற்கு முன் யுபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவரில் சொருகியும் பாருங்கள். 600 விஏ என்று எழுதிய சின்ன யுபிஎஸ் பலவற்றில் உண்மையாகக் கிடைப்பது 360 வாட் மட்டும்.

கேள்வி: புதிதாக எம்.2 எஸ்எஸ்டி போட்டேன். அது வந்துவிட்டது, ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது!

பதில்: போகவில்லை, அதன் வழியை எஸ்எஸ்டி எடுத்துக்கொண்டது. பல போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டும் ஹார்ட் டிஸ்க் வயர் சொருகும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்லாட் நிரம்பினால் அந்தப் போர்ட்டுகள் அணைக்கப்படும். பெரும்பாலும் 5, 6 என்று எண்ணிட்டவை. கையேட்டில் இதற்கென ஒரு சின்ன அட்டவணை இருக்கும். ஹார்ட் டிஸ்க்கின் வயரை 1 அல்லது 2-க்கு மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கும்போது 'இனிஷியலைஸ் செய்யவா?' என்று கேட்டால், புது எஸ்எஸ்டிக்கு மட்டும் சரி சொல்லுங்கள். கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பழைய டிஸ்க்குக்கு அந்தக் கேள்வி வந்தால் 'கேன்சல்' அழுத்திவிட்டு வயரைச் சோதியுங்கள்.

கேள்வி: 2018-இல் வாங்கிய பி450 போர்டில் பழைய பிராசஸரை எடுத்துவிட்டு ரைசன் 5 5600 போட்டேன். விளக்கு எரிகிறது, காட்சி இல்லை. சாக்கெட் இரண்டுக்கும் ஏஎம்4தானே?

பதில்: சாக்கெட் பொருந்தினால் போதாது, பயாஸுக்கும் அந்தப் பிராசஸரைத் தெரிந்திருக்க வேண்டும். 2018-இல் எழுதிய பயாஸுக்கு 2022-இல் வந்த 5600 யாரென்றே தெரியாது. உங்களிடம் பழைய பிராசஸர் இருப்பது அதிர்ஷ்டம்: அதையே திரும்பப் போட்டு, போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசஸர் பட்டியலைத் திறந்து, 5600-க்கு நேரே குறித்திருக்கும் பயாஸ் பதிப்பையோ அதைவிடப் புதியதையோ ஏற்றிவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். போர்டின் திருத்த எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு திருத்தங்கள் இருக்கும், பயாஸ் வேறு வேறு.

பழையதை விற்றுவிட்டவர்களுக்கு, போர்டின் பின்புறம் ஃப்ளாஷ்பேக் பட்டன் (பழைய பிராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்ற) இருந்தால் பிழைத்தீர்கள். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, பயாஸ் ஃபைலை விரித்துப் போட்டு, கையேடு சொல்லும் பெயருக்கு மாற்றுங்கள். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது. 24 பின், பிராசஸர் 8 பின் இரண்டையும் சொருகி, அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் பென்டிரைவை வைத்துப் பட்டனை அழுத்தினால் விளக்கு மினுக்கும். மினுக்குவது நிற்கும்வரை கரண்டைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: 5600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. மானிட்டர் வயர் போர்டில் சொருகியிருந்தால் எந்தப் பயாஸும் காப்பாற்றாது, கார்டில் சொருகுங்கள். பெயர் 'ஜி' என்று முடியும் 5600ஜி-யில்தான் உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு.

கேள்வி: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு நண்பனின் கணினியில் நன்றாக ஓடுகிறது, என் பழைய போர்டில் விக்கி விக்கி ஓடுகிறது. ஏன்?

பதில்: போர்டோடு தரவு பரிமாற அந்தக் கார்டுக்கு நான்கே பாதைதான் (லேன்). ஸ்லாட் நீளமாக 16 பாதைக்கு இருந்தாலும் பின்கள் நான்குக்குத்தான் வேலை செய்யும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் ஒரு பாதை விநாடிக்குச் சுமார் 2 ஜிகாபைட், மொத்தம் 8. உங்கள் 3.0 போர்டில் அது பாதியாகி 4. கார்டின் நினைவகமும் பொதுவாக 4 ஜிபிதான். அது நிரம்பி வழியும்போது மிச்சம் அந்தக் குறுகிய சந்து வழியாக ராமுக்கும் கார்டுக்கும் அலைகிறது. அந்த அலைச்சல்தான் விக்கல். டெக்ஸ்சர் அளவை மட்டும் ஒரு படி இறக்குங்கள், மற்றவற்றை அப்படியே விடலாம். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பாதை வேகத்தைப் பார்க்கும்போது கார்டுக்கு வேலை கொடுத்துக்கொண்டே பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும், அது மின்சிக்கனம்.

கேள்வி: பிராசஸர் 95 டிகிரி தொடுகிறது. தெர்மல் பேஸ்ட்டை மூன்று முறை மாற்றிவிட்டேன்.

பதில்: எந்தப் பிராசஸர் என்று எழுதவில்லை. ரைசன் 7000 வரிசையில் முழு வேலை கொடுத்தால் பல மாடல்கள் 95-ஐத் தொட்டு அங்கேயே நின்று ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. எண்ணைப் பார்க்காமல் ஏறும் வேகத்தைப் பாருங்கள். வேலை ஆரம்பித்து இரண்டு மூன்று விநாடியில் உச்சிக்குப் போய், கடிகார வேகம் அடிப்படை வேகத்துக்கும் கீழே விழுந்தால் கூலர் தொடவே இல்லை.

கூலரைக் கழற்றிப் பேஸ்ட் பரவியிருக்கும் அச்சைப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் அழுந்தியிருந்தால் ஸ்குரூவை ஒரே பக்கமாக முறுக்கியிருக்கிறீர்கள். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். கூலரின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பது. இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டில் பழைய கூலரைப் போட்டிருந்தால் பிராக்கெட்டைச் சோதியுங்கள்: பழைய எல்ஜிஏ1200-இல் ஓட்டைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர், இதில் 78, பிராசஸரின் உயரமும் குறைவு. பழைய பிராக்கெட்டை இழுத்து மாட்டினால் அழுத்தம் கிடைக்காது. தண்ணீர்க் கூலர் என்றால் பம்ப் ஓடுகிறதா என்று பயாஸில் அதன் சுற்று எண்ணைப் பாருங்கள். ரேடியேட்டரைவிட உயரத்தில் பம்ப் இருந்தால் காற்று அங்கே போய்த் தங்கும்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வித்தியாசமே தெரியவில்லை.

பதில்: விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறங்கள். 60 என்றே இருக்கும், மாற்றுங்கள். 144 பட்டியலிலேயே இல்லையென்றால் பழைய ஹெச்டிஎம்ஐ வயரை விட்டுவிட்டு டிஸ்பிளேபோர்ட் வயர் போடுங்கள்.

கேள்வி: கேபினெட் ஃபேனின் வண்ண விளக்கு வயர் 3 பின். போர்டில் 4 பின் ஆர்ஜிபி இடம் காலியாக இருக்கிறது. சொருகலாமா?

பதில்: கூடாது. உங்கள் விளக்கு 5 வோல்ட், அந்த 4 பின் 12 வோல்ட். அழுத்திச் சொருகினால் ஒரு நொடி அழகாக எரிந்து ஒரேயடியாக அணையும். போர்டில் 'ஏஆர்ஜிபி' அல்லது 5 வோல்ட் என்று எழுதிய, நான்கில் ஒரு பின் இல்லாத இடத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் சாட்டா பவரில் ஓடும் தனி கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள்.