எக்ஸ்கதிரைக் கக்கும் விண்பொருள் (எக்ஸ்கதிர் மூலம்) ஒன்று திடீரென்று சீறும்போது, 8 அங்குலத் தொலைநோக்கியில் அதைப் படமெடுப்பதால் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு. "மேலே அத்தனை செயற்கைக்கோள்கள் சுற்றும்போது உன் குழாய் எதற்கு?" என்று உங்களிடம் யாரோ கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வியில் "யாருக்காவது" என்ற சொல் வந்திருக்காது. என்னிடமும் கேட்டார்கள். பதில் தெரியாமல் விழித்த கோபம் இன்னும் இருக்கிறது.

எக்ஸ்கதிர் நம் காற்றுமண்டலத்தைத் தாண்டி வராது, அதற்குச் செயற்கைக்கோள்தான் வேண்டும். ஆனால் கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டின் உட்பகுதி கக்கும் எக்ஸ்கதிர் அதே தட்டின் வெளிப்பகுதியைச் சுடுகிறது. அந்தச் சூட்டில் கிளம்பும் சாதாரண ஒளி தரைக்கு வந்துவிடும். (கருந்துளையருகிலிருந்து பீறிடும் தாரையான ஜெட்டிலிருந்தும் ஒளி வருமே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வரும், தெரியும்.)

2015 ஜூன் 15 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஓர் எச்சரிக்கை அனுப்பியது. 1989-க்குப் பிறகு உறங்கிக் கிடந்த வி404 சிக்னி விழித்துவிட்டது. சூரியனைப் போல 9 மடங்கு நிறையுள்ள கருந்துளை, கூடவே ஒரு துணை விண்மீன். மற்ற நாட்களில் 18-ஆம் மேக்னிடியூடுக்கும் (வெளிச்ச அளவு; எண் கூடக் கூட மங்கல்) மங்கலாகக் கிடக்கும். என் கருவிக்கு அது எட்டாக் கனி. அந்த வாரமோ 12-ஐ ஒட்டி நின்றது. 6 மேக்னிடியூட் என்றால் ஏறத்தாழ 250 மடங்கு வெளிச்சம்.

30 விநாடி எக்ஸ்போஷராக விடிய விடிய எடுத்தேன். நடு இரவுக்குப் பிறகு அந்தப் புள்ளி மங்கியது, எழும்பியது, மறுபடி மங்கியது. அரை மணி நேரத்துக்குள் ஒரு மேக்னிடியூடுக்கு மேல் ஆட்டம். மெல்லிய மேகம் என்று முடிவு கட்டினேன். காலையில் தூக்கக் கலக்கத்தில் "மேகம்" பட்ட 140 படங்களையும் அழித்துவிட்டு, சமர்த்தாகக் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

மேகம் மறைத்தால் பக்கத்து விண்மீன்களும் சேர்ந்து மங்க வேண்டுமே! மிச்சமிருந்த படங்களை அளந்தபோதுதான் அது உறைத்தது. ஒப்பீட்டு விண்மீன்கள் (அளவுக்கு வைத்துக்கொள்ளும், ஒளி மாறாத பக்கத்து விண்மீன்கள்) ஆடாமல் நின்றன, வி404 மட்டும் குதித்தது. அடுத்த ஜனவரியில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மரிகோ கிமுரா குழு நேச்சர் இதழில் எழுதிய விஷயமே இதுதான்: சுமார் 100 விநாடியிலிருந்து இரண்டரை மணி நேரம் வரை, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் ஒளித் துடிப்புகள். தரவில் கணிசமான பங்கு நம்மைப் போன்றவர்களின் சிறிய தொலைநோக்கிகளிலிருந்து போனது. என்னுடையது அதில் இல்லை, அனுப்பவே வெட்கமாக இருந்தது.

சரி, செயற்கைக்கோள் ஏன் போதாது? ஸ்விஃப்ட் போன்றவை 90 சொச்ச நிமிடத்தில் பூமியைச் சுற்றுகின்றன. பல மூலங்களை ஒவ்வொரு சுற்றிலும் பூமியே மறைத்துவிடும், தவிர அவற்றுக்கு வேறு வேலையும் உண்டு. தரையில் வெவ்வேறு தீர்க்கரேகையில் பத்துப் பேர் இருந்தால் ஒருவருக்கு விடியும்போது அடுத்தவருக்கு இருட்டும். இன்னொன்று, 2018 மார்ச்சில் மாக்ஸி ஜே1820+070 என்ற இன்னொரு கருந்துளையின் சீற்றத்தை முதலில் சாதாரண ஒளியில் பார்த்தது, தரையிலிருந்து வானத்தைத் துழாவும் ஆசாஸ்-எஸ்என் கணக்கெடுப்பு. அதன் லென்ஸ் 14 சென்டிமீட்டர்தான், உங்கள் கருவியைவிடச் சிறியது. விண்வெளி நிலையத்தில் இருக்கும் மாக்ஸி கருவி அதை எக்ஸ்கதிரில் கண்டது கிட்டத்தட்ட 5 நாள் கழித்து.

எல்லா மூலமும் இப்படி அள்ளித் தராது. ஏ0535+26 மாதிரி துணை விண்மீனே பெரியதாக இருந்தால் (அது தனியாகவே 9-ஆம் மேக்னிடியூட்) சீற்றத்தில் ஒளி பெரிதாகக் கூடாது. அங்கே ஒளியளவியலைவிட (வெளிச்சத்தை அளப்பதைவிட) நிறமாலைதான் (ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்ப்பதுதான்) பேசும். அப்புறம், கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். துடிப்பை மற்றவர் தரவோடு பொருத்தும்போது நேரம் தப்பினால் உழைப்பு வீண்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கருந்துளை என்றாலே செய்திகளில் அந்த ஆரஞ்சு நிறப் புனல் ஓவியத்தைப் போடுகிறார்களே, அதை முதலில் நிறுத்த வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவரை 2018-இல் ஜே1820-ஐப் பார்க்கத் திரைக்கு முன் உட்கார வைத்தேன். சுமார் 10,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கருந்துளை விண்மீனைத் தின்றுகொண்டிருக்கிறது என்று விளக்கினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"எந்தப் புள்ளி?" என்றார். காட்டினேன். "பக்கத்துல இருக்கறது இன்னும் பிரகாசமா இருக்கே?" என்றார். அது ஒப்பீட்டு விண்மீன்.