காலைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: பழைய மரச்சாமான் கேள்வி-பதில்

கேள்வி: வளைந்த காலும் துளையிட்ட முதுகுப்பலகையும் உள்ள நாற்காலி ஒன்றைக் காட்டி, “இது சிப்பண்டேல், 250 வருஷப் பழசு” என்கிறார் விற்பவர். கால் நுனியில் ஒரு உருண்டையை நகங்கள் பற்றியிருப்பதுபோல் செதுக்கியிருக்கிறது. நம்பலாமா?

அவர் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று பாணி, மற்றொன்று வயது. முதலாவது சரியாக இருந்து இரண்டாவது தப்பாக இருப்பது இந்தச் சந்தையில் ரொம்ப சகஜம்.

தாமஸ் சிப்பண்டேல் லண்டனில் மரச்சாமான் தொழில் நடத்தியவர். 1754-இல் தன் வடிவங்களைப் படங்களோடு புத்தகமாகப் போட்டார். அதை வைத்துக்கொண்டு ஊரூராகத் தச்சர்கள் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே வடிவத்துக்கு மறுபடி மவுசு வந்து, தொழிற்சாலைகளிலும் செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள். ஆகவே பாணியை வைத்து ‘இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது’ என்று சொல்லலாம், அவ்வளவுதான். எவ்வளவு பிந்தியது என்பதைப் பாணி சொல்லாது. இதில் வேடிக்கை, எல்லாரும் சிப்பண்டேல் அடையாளம் என்று காட்டுகிற அந்த நகக்கால் அவருடைய புத்தகத்துப் படங்களில் கிடையாது.

மற்ற பாணிகளுக்கும் இதே கதைதான். கேடய வடிவ முதுகு என்றால் ஹெப்பிள்வைட் என்ற லண்டன் தச்சர் பெயரைச் சொல்வார்கள். அவருடைய வடிவப் புத்தகம் அவர் இறந்தபின் 1788-இல் வந்தது. சதுர முதுகும் ஒல்லியான நேர்க்காலும் என்றால் ஷெரட்டன் என்ற இங்கிலாந்து வடிவமைப்பாளர், 1790-கள். நீராவியில் வளைத்த மரக்கம்பு நாற்காலி என்றால் தோனெட் என்ற தயாரிப்பாளர். பிரபலமான 14-ஆம் எண் நாற்காலி 1859-இல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிற்காலப் பிரதிகள் உண்டு.

உங்கள் நாற்காலியைப் பொறுத்தவரை, செதுக்கலை விரலால் தடவிப் பாருங்கள். ஆரம்பத்திலேயே செதுக்கத் திட்டமிட்ட காலுக்கு, தச்சர் பருமனான கட்டையை எடுத்திருப்பார். பூவும் இலையும் காலின் மேற்பரப்பைவிட மேடாக நிற்கும். சாதாரணப் பழைய காலை வாங்கி, பின்னால் யாரோ விலைக்காகச் செதுக்கியிருந்தால், வேலைப்பாடு பரப்புக்குக் கீழே பள்ளமாக இறங்கியிருக்கும். அப்புறம் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்புங்கள். இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம் வழவழவென்று, ஒரே சீராக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கண்ணில் படாத இடத்தில் அந்தக் காலத்துத் தச்சர் நேரத்தை வீணாக்கியதில்லை.

கேள்வி: இழுப்பறைகள் உள்ள பழைய அலமாரி வாங்க நினைக்கிறேன். ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் எங்கே பார்ப்பீர்கள்?

இழுப்பறையில்தான். முழுசாக வெளியே உருவி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். கதவுக்கும் மேற்பலகைக்கும் பாலீஷ் போடுகிறவர்கள் இழுப்பறையின் அடிப்பக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை.

முதலில் மூலை. முன்பலகையும் பக்கப்பலகையும் புறா வால்போல் விரிந்த பற்களால் கோத்திருக்கும், டவ்டெயில் என்பார்கள். கையால் வெட்டியது என்றால் பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், இடைவெளியும் மாறும். பற்களின் அடியில் பலகையின் குறுக்கே மெல்லிய கீறல் ஒன்று ஓடும். எதுவரை வெட்டுவது என்று தச்சர் போட்ட கோடு அது. எல்லாப் பல்லும் அச்சில் வார்த்தமாதிரி ஒரே அளவாக இருந்தால் இயந்திர வேலை, பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்கும் பிந்தியது. பல்லுக்குப் பதிலாக அரைவட்டங்களும், ஒவ்வொன்றின் நடுவே ஒரு சின்ன மர முளையும் தெரிந்தால் அதிர்ஷ்டம்தான். அமெரிக்காவில் 1870-களிலிருந்து சுமார் 1900 வரை மட்டும் புழங்கிய இயந்திர இணைப்பு அது. இவ்வளவு குறுகலான காலக்கணக்கு வேறெதிலும் சுலபத்தில் கிடைக்காது.

அடுத்து அடிப்பலகை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கை இழைப்புளி ஓடிய இடத்தில் ஆழமில்லாத அலைகள் தெரியும், விரலுக்கும் தட்டும். ரம்பத் தடங்கள் வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம். அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1830-களுக்கு அப்புறம்தான். நேர்கோட்டுத் தடங்கள் என்றால் அதைவிடப் பழசாக இருக்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். பிற்கால இயந்திரமான பட்டை ரம்பமும் நேர்கோடுதான் போடும், இடைவெளி மட்டும் ஒரே சீராக இருக்கும். கையால் அறுத்ததில் கோடுகள் சாய்ந்தும் விலகியும் போகும்.

கடைசியாக நிறத்தைப் பாருங்கள். பல வருஷம் காற்றுப்பட்ட, பூச்சு எதுவும் அடிக்காத மரம் தானாகவே மங்கிப் பழுப்பேறும். காற்றுப் புகாத மூலைகள் வெளுப்பாகவே இருக்கும். உள்ளும் புறமும் சந்துபொந்தும் எல்லாம் ஒரே பழுப்பு என்றால் யாரோ சாயம் அடித்திருக்கிறார்கள்.

கேள்வி: என் பாட்டி கொடுத்த மேஜையின் அடியில் கூட்டல் குறி போட்ட திருகாணி இருக்கிறது. அப்படியானால் மேஜை போலியா?

கூட்டல் குறித் தலை 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. அந்தத் திருகாணி அதற்குப் பிந்தியது என்பதில் சந்தேகமில்லை. மேஜை அப்படி இருக்க வேண்டியதில்லை, யாராவது பழுதுபார்த்திருக்கலாம். திருகாணியைக் கழற்றி ஓட்டையைப் பாருங்கள். பக்கத்திலேயே அடைத்த பழைய ஓட்டையோ, துருவின் கறுப்பு வட்டமோ இருந்தால் முன்பு வேறொன்று இருந்திருக்கிறது. அப்படி எதுவும் இல்லாமல், எல்லா இணைப்பிலும் இதே திருகாணிதான் என்றால் மேஜையும் அந்த வயதுதான்.

பழைய திருகாணி எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். 1840-களுக்கு முந்தியவற்றுக்குக் கூர்முனை கிடையாது, மொட்டையாக இருக்கும். தலையில் உள்ள வெட்டு நடுவை விட்டு விலகியிருக்கும். ஆணியிலும் இப்படி ஒரு வரிசை உண்டு. சம்மட்டியால் அடித்த சதுர ஆணிகள் 18-ஆம் நூற்றாண்டு முழுக்க. தகட்டிலிருந்து வெட்டியவை 19-ஆம் நூற்றாண்டில். இன்று நாம் அடிக்கிற உருண்டைக் கம்பி ஆணி 1890-களில்தான் பெருகியது.

கேள்வி: வட்ட மேஜை ஒன்று முழுமரம் என்கிறார்கள். மேலே வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளிம்பைப் பாருங்கள், மேலே ஓடும் ரேகை விளிம்பில் திரும்பித் தொடர வேண்டும். அதைவிட நல்ல வழி அளவு நாடா. மரம் ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். நூறு வருஷ முழுமர வட்டம் உண்மையில் வட்டமாக இருக்காது. ரேகையோடு ஒரு முறை, குறுக்கே ஒரு முறை அளந்தால் சில மில்லிமீட்டர் குறையும். பெரிய மேஜையில் அதற்கு மேலும். இரண்டும் அச்சாக ஒரே அளவு என்றால் புதுசாகவோ பிளைவுட்டாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வெனீர் என்றாலே மட்டம் என்று நினைக்காதீர்கள். 18-ஆம் நூற்றாண்டின் உயர்தர மேஜைகள் பலவும் வெனீர்தான். அந்த வெனீர் கையால் அறுத்தது, தடிமனாக இருக்கும். இயந்திரத்தில் சீவியது காகிதம்போல் மெலிசு.

கேள்வி: பூச்சி துளைத்த ஓட்டைகள் இருந்தால் பழசு என்று அர்த்தமா?

இல்லை, பூச்சி வயது பார்த்துத் தின்பதில்லை. ஆனால் ஓட்டையின் வடிவம் பேசும். பூச்சி வெளியே வந்த துளை சின்ன வட்டமாக இருக்கும். பரப்பின் மேல் நீளமான வாய்க்கால்கள் தெரிந்தால், பூச்சி அரித்த பழைய பலகையைப் பின்னால் யாரோ அறுத்து வேறு சாமான் செய்திருக்கிறார்கள். மரம் பழசு, மேஜை புதுசு. ஓட்டையிலிருந்து மாவு கொட்டினால் பூச்சி இன்னும் குடியிருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: வாங்கியதும் சுரண்டிப் புதுப் பாலீஷ் போடலாமா?

வேண்டாம், முதலில் என்ன பூச்சு என்று பாருங்கள். மறைவான இடத்தில் பஞ்சில் ஆல்கஹால் தொட்டு வையுங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் அரக்கு பாலீஷ். 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் இதுதான். கரையவில்லை என்றால் பிற்காலப் பூச்சாக இருக்கலாம், ஆனால் அது மேலே அடித்ததாகவும் இருக்கலாம். பழைய பெயிண்ட் என்றால் ஈயம் கலந்திருக்கக்கூடும். உரசித் தூளாக்காதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் கண்டிப்பாகக் கூடாது. மேற்பரப்பைச் சுரண்டினால் நூறு வருஷம் கை பட்டு ஏறிய மினுமினுப்பு போய்விடும், விலையும் கூடவே போகும்.

கேள்வி: பில்லில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

காலம், மரம், மாற்றிய பாகங்கள். மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். “சிப்பண்டேல் பாணி” என்று எழுதியிருந்தால் வயதைப்பற்றி அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை. “சுமார் 1770” என்று எழுதினால்தான் நாளைக்குப் பிடித்துக் கேட்க முடியும். ‘ஆன்டிக்’ என்ற சொல்லை நம்பி இருக்காதீர்கள். அமெரிக்கச் சுங்கம்போல நூறு வருஷம் என்று கணக்கு வைப்பவர்களும் உண்டு, தூசு படிந்ததையெல்லாம் அப்படிச் சொல்பவர்களும் உண்டு. அடியும் மேலும் தனித்தனிப் பாகமாக உள்ள அலமாரி என்றால், இரண்டும் ஒன்றாகப் பிறந்தவையா என்றும் கேளுங்கள். பின்பலகைகளின் மரமும் நிறமும் டவ்டெயிலும் பொருந்தவில்லை என்றால், இரண்டு உடைசலைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அதையும் வாங்கலாம், தப்பில்லை. அந்த விலைக்கு வாங்க வேண்டும்.