அம்மா வீட்டை வைத்து ஷெட் வாங்கலாமா?

கேள்வி: சந்துக்குள் வீடு என்பதால் காரைத் தெருமுனை வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு கார் ஷெட் 12 லட்சத்துக்கு வருகிறது. வீட்டை அடமானம் வைத்து 10 சதவீத வட்டியில் 15 வருடக் கடன் எடுத்து, என் பெயரிலும் மனைவி பெயரிலும் வாங்க நினைக்கிறேன். வீடு அம்மா பெயரில். கையெழுத்துப் போடத் தயார்தான். அக்காவிடம் சொல்லவில்லை. ஷெட்டுக்காரர் மாதம் 2,000 ரூபாய் வாடகைக்கும் தருவார். ஆனால் சொந்தமாக இருப்பது நல்லதுதானே?
– வாசகர், மதுரை

பதில்: ஷெட்டை அப்புறம் பார்ப்போம். அடமானம் போவது அம்மா வீடு, பத்திரம் முடிவது உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அம்மாவிடம் இதை விளக்கிக் கேட்டீர்களா, இல்லை ‘இங்க ஒரு கையெழுத்து போடும்மா’ என்று பேப்பரை நீட்டினீர்களா? ‘தயார்தான்’ என்பதில் உள்ள அந்தத் ‘தான்’ எனக்கு உறுத்துகிறது.

அது சாட்சிக் கையெழுத்து இல்லை. மூலப்பத்திரம் வங்கிக்குப் போகும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் வீட்டின் மேல் கடன் இருப்பது தெரியும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். அப்புறம் 60 நாள் நோட்டீஸ். அதற்கும் கட்டவில்லை என்றால், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி வழக்குப் போட்டுக் காத்திராமலே சொத்தை எடுத்து ஏலம் விடலாம். ஏலத்துக்கு வருவது ஷெட் இல்லை ஐயா, அம்மா படுத்துத் தூங்குகிற வீடு.

அக்காவிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்ன கேட்பார் என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான். அம்மா உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீட்டில் உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு அக்காவுக்கும். கல்யாணத்தில் போட்ட நகையோடு அவர் கணக்கு தீர்ந்தது என்ற நினைப்பு இருந்தால், சட்டமும் ஏற்காது, நானும் ஏற்கமாட்டேன்.

சரி, கணக்கு. தவணை மாதம் சுமார் 12,900 ரூபாய். 15 வருடத்தில் 23 லட்சத்தைத் தாண்டும். முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமுமாக 9 சதவீதம், அது ஒரு லட்சத்துக்கு மேல். இதெல்லாம் 2,000 ரூபாய் வாடகையில் முடிகிற காரியத்துக்கு! வெயிலும் காக்கை எச்சமும் பெயின்ட்டைக் கெடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அம்மாவைக் கடன்காரியாக்குவதா?

ஷெட்டை 11 மாத ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு எடுங்கள். தவணை கட்டத் தெம்பு இருக்கிறதல்லவா, மீதி 10,900-ஐ மாதாமாதம் சேருங்கள். சொந்தமாகத்தான் வேண்டுமென்றால் அந்தக் காசில் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரத்தை ஏற்கெனவே வெளியே எடுத்திருந்தால், இன்றைக்கே பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அம்மா கையில் கொடுங்கள்.