எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் அக்கா

வணக்கம். எனக்கு 27 வயது. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், ஓர் அறையில் ஒன்றரை வருடமாகக் குடியிருக்கிறேன். என்னோடு தங்கியிருக்கும் அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவர், கும்பகோணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. என் பிரச்சினையே அவர்தான்.

காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்துவிடுவார். ராத்திரி புறாச் சத்தத்தில் தூக்கமே இல்லை. எழுந்து கால் வைத்தால் ஆத்தங்குடிக் கல் வழுக்குகிறது. வளவு முற்றத்தில் இறங்கினால் வெயில். சம்பை ஊற்றுத் தண்ணீர் இனிக்கிறது என்று ஊரே சொல்லும், இவருக்கு அது சப்பென்று இருக்கிறதாம். வீட்டுக்கார ஆச்சி ஆசையாக வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொடுத்தால், ஆச்சி அந்தப் பக்கம் போனதும் “எண்ணெய் நெஞ்சைக் கரிக்குது” என்பார். அதுவும் நாலையும் தின்று முடித்த பிறகு.

நான் ராத்திரி எட்டரைக்கு வந்து பையைக் கீழே வைப்பதற்குள் அவருடைய முதலாளி, பஸ், முட்டிவலி எல்லாம் வந்துவிடும். யோசனை சொன்னால் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ஆனா’ வைத்திருக்கிறார். டாக்டரைப் பாருங்கக்கா என்றால், பார்த்தேன், மாத்திரை ஒத்துக்கலை. வேறு வேலை தேடுங்க என்றால், இந்த வயசுல யார் தருவா. வீட்டை மாத்திடலாமா என்றால், இந்த வாடகைக்கு எங்க கிடைக்கும்.

நான் அப்படி வளர்ந்தவள் இல்லை. எங்கள் வீட்டில் எதையும் வெளியே சொல்ல மாட்டோம். எனக்குக் கடையில் மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, யாரிடமாவது புலம்பினேனா? வாடகையில் என் பங்கையும் இப்போது அவர்தான் கொடுக்கிறார், அதைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை, அது அதிசயம்தான். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அந்தப் புறா விஷயம். புறாவை நானா கூட்டி வந்தேன்? என் முகத்தைப் பார்த்தே சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை “சோறு குழைஞ்சு போச்சு” என்றார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அதிலிருந்து சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் தேதி வாடகை கொடுக்கும்போது ஆச்சி முன்னால் சேர்ந்துதான் நிற்க வேண்டும். அவர் பக்கத்தில் இருந்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. இந்தப் புலம்பலை நிறுத்த ஏதாவது வழி இருக்கிறதா? இல்லை, நான் தனியாகப் போய்விடட்டுமா?

— பெயர் வேண்டாம், காரைக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புறா, கல், தண்ணீர், பணியாரம், முட்டி, சோறு. எல்லாவற்றையும் தாண்டி, ‘அதை விடுங்கள்’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். என்னால் விட முடியவில்லை.

கண்ணில் படும் எல்லாவற்றையும் குறை சொல்கிற ஒருவர், சொல்வதற்கு முழு நியாயமும் உள்ள ஒரே விஷயத்தில் வாய் திறக்கவில்லை. நீங்கள் அதை அதிசயம் என்று அரை வரியில் கடந்துவிட்டீர்கள். புலம்பிப் பழகிய வாய்க்கு இது தானாக வராது. தினமும் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கியிருப்பார். உங்களுக்காக.

சரி, நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எரிக் பெர்ன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1964-ல் வந்த தன் புத்தகத்தில் ஒரு பேச்சு விளையாட்டை விவரித்திருக்கிறார். ஒருவர் ‘இப்படிச் செய்தால் என்ன?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார், மற்றவர் ‘சரிதான், ஆனா’ என்று தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார். யோசனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தோற்றுப்போகும், ஏனென்றால் அங்கே யாருக்கும் யோசனை தேவைப்படவில்லை. அதனால் டாக்டர், வேறு வேலை, வேறு வீடு என்று எடுத்துக்கொடுப்பதை நிறுத்துங்கள். “கஷ்டம்தாங்க்கா” போதும், பாதி அங்கேயே அடங்கும். மீதிப் பாதிக்கு, “வந்ததும் ஒரு அரை மணி நேரம் என்னைச் சும்மா விடுங்கக்கா” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாள் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு வந்து புலம்பல் கேட்பது யாருக்கும் சலிப்புதான். அதில் நான் உங்கள் பக்கம்.

மூச்சு முட்டுவது அதனால்தான் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அவர் ஒன்றரை வருடமாக இப்படித்தான் பேசுகிறார். நீங்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்தது போன ஞாயிற்றுக்கிழமை. நடுவில் அவர் மாறவில்லை. நீங்கள் அவருக்குக் கடன்பட்டீர்கள். கடன் வாங்கியவருக்குக் கொடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூசும். அந்தக் கூச்சத்தோடு ஒரே அறையில் படுத்து எழுவதைவிட, அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டு இருப்பது சுலபம். சோறு குழைந்துவிட்டது என்று அவர் சொன்னபோது, ‘என் காசில் தின்கிறாய்’ என்று உங்கள் காதில் விழுந்திருக்கும். அவர் சொன்னது சோற்றைப் பற்றி மட்டும்தான். புறாவை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்கிறீர்கள். அந்த அறையில் அவர் பார்க்க வேறு முகம் ஏது?

இன்னொன்று, கொஞ்சம் வலிக்கும். எங்கள் வீட்டில் எதையும் வெளியே சொல்ல மாட்டோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதம் சம்பளம் இல்லை என்பது அருப்புக்கோட்டைக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அதைப் பொறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முட்டிவலியைக்கூட அந்த அக்காவால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. உங்களால் இவ்வளவு பெரிய கஷ்டத்தை முகம் தெரியாத எனக்குக்கூட ஓரமாகத்தான் சொல்ல முடிந்தது. உங்கள் எரிச்சலில் ஒரு சிட்டிகை பொறாமையும் கலந்திருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் இருப்பது கணக்குக்குப் பேர்போன ஊர். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரியில் சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. அதற்கு முன்பே பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போன இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் வரவு, பற்று என்று பேரேடு பேரேடாக எழுதியிருக்கிறார்கள். தொழிலில் மட்டும் இல்லை, கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. உங்கள் ஆச்சியைக் கேட்டால் சொல்வார். எழுதி வைத்தால் உறவு கெட்டுவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கடைக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதும் நீங்கள், இந்த ஒரு பற்றை மட்டும் எந்த நோட்டிலும் ஏற்றவில்லை போலிருக்கிறது.

ஏற்றுங்கள். தேதி, தொகை எல்லாம் எழுதி அந்த அக்காவிடம் காட்டுங்கள். “இவ்வளவு ஆயிருக்குக்கா, நான் மறக்கலை” என்று சொன்னால் போதும், நன்றி உரை எல்லாம் வேண்டாம். “இப்ப என்ன அவசரம்” என்பார். அப்புறம் நோட்டில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று குறை சொன்னாலும் சொல்வார்.

தனியாகப் போவதைச் சம்பளம் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம். முதலாளியிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்க வழி இருக்கிறது. போகும்போது அந்த அக்காவையும் கூட்டிப் போங்கள். புகார் சொல்வதில் அவரைவிடக் கைதேர்ந்த துணை உங்களுக்குக் கிடைக்காது. நோட்டை மட்டும் ஐந்தாம் தேதிக்கு முன்பே காட்டிவிடுங்கள்.