கவியின் இழுவை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் களுவாஞ்சிகுடி, நண்பன் மருதமுனை. இரண்டு வருசமாக ஒன்றாகப் பாடுகிறோம். வயலில் பாடும் நாட்டார் கவிகளைக் கிற்றாரோடு பாடி ஆறு பாட்டு யூடியூபில் போட்டோம். சொந்தக்காரர்களைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. ஒலிப்பதிவு செய்தவர், “கீழே பீட் போட்டால்தான் ஓடும். அமெரிக்கப் பாட்டுச் சோடி சைமன் அன்ட் கார்ஃபங்கிளின் முதல் அல்பமும் படுத்ததுதான், ட்ரம்ஸ் சேர்த்த பிறகுதான் எழும்பியது” என்று பீட் போட்டுத் தந்தார். வீட்டில் பெரியவர்கள், கவியைக் கெடுக்கிறோம் என்கிறார்கள். தொடர்வதா, விடுவதா?

க., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

அனுப்பிய இரண்டு வடிவங்களையும் கேட்டேன். பீட் இல்லாததை நாலு தரம் கேட்டேன்.

அவர் சொன்ன கதை உண்மைதான், ஆனால் பாதிக் கதை. அவர்களின் அந்த முதல் அல்பம், ‘வெட்னஸ்டே மோர்னிங், 3 ஏ.எம்.’, 1964 ஒக்டோபரில் வந்தது. பன்னிரண்டு பாட்டில் ஐந்துதான் போல் சைமன் எழுதியவை. மற்றவை பழைய பாட்டுகளும் பிறர் பாட்டுகளும். மின்சாரம் ஏறாத கிற்றாரும் பேஸும், மேலே இரண்டு குரல், அவ்வளவுதான். விற்றது மூவாயிரம் பிரதி அளவில் என்பார்கள். சைமன் இங்கிலாந்துக்குப் போனார், கார்ஃபங்கிள் படிப்புக்குத் திரும்பினார். சோடி கலைந்த மாதிரித்தான்.

பிறகு, அந்த அல்பத்தில் இருந்த ‘த சவுண்ட்ஸ் ஒஃப் சைலன்ஸ்’ பாட்டை அங்கங்கே வானொலிகளில் கேட்கத் தொடங்கினார்கள். தயாரிப்பாளர் டொம் வில்சன் 1965 ஜூன் 15இல் வேறு வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு, பழைய பதிவின் மேலேயே மின்கிற்றாரும் ட்ரம்ஸும் ஏற்றினார். பாடியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம்.

உங்கள் ஒலிப்பதிவுக்காரர் இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டார். ஏற்றிய அன்று நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது. பழைய பதிவின் காலம் ஒரே சீராக இருக்கவில்லை. பாட்டு சொல்லுக்கேற்பக் கொஞ்சம் தளரும், கொஞ்சம் ஓடும். வாத்தியக்காரர்கள் அதோடு சேர்ந்து போகச் சிரமப்பட்டார்கள். குரல்கள் ஏற்கனவே பதிவாகிவிட்டன, அவற்றை அசைக்க முடியாது. ட்ரம்ஸ்தான் குரலுக்குப் பின்னால் போனது.

உங்களுக்கு நடந்தது தலைகீழ். மூன்றாவது கவியில் இரண்டாம் அடி முடியும் இடத்தில் நண்பர் குரலை இழுத்து, மெல்ல இறக்கி, மூச்சு வாங்கி, பிறகுதான் அடுத்த அடியை எடுக்கிறார். இரவில் வெள்ளாமைக் காவலில் இருப்பவர் அடுத்த பரணுக்குக் கேட்கப் பாடும் இழுவை அது. பீட் போட்ட வடிவத்தில் அந்த இழுவை பாதியில் அறுந்து, மூச்சுச் சத்தமும் வெட்டுப்பட்டு, அடுத்த அடி ஓடிவந்து விழுகிறது. பெரியவர்களுக்கு உறுத்தியது கிற்றார் என்று நான் நினைக்கவில்லை. இதுதான் உறுத்தியிருக்கும்.

கூத்துக் களரியில் மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரை, அதுதான் கூத்தைப் பழக்குபவரை, கவனித்திருப்பீர்கள். அவர் கண் ஆட்டக்காரரின் காலிலேயே இருக்கும். தாளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டு அடிக்கிற தாளம் வேண்டும். மாற்றமே கூடாது என்றும் இல்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன், விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். நம் மட்டக்களப்பு மௌனகுரு ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடினார். நேரம்தான் குறைந்தது, ஆட்டமும் மத்தளமும் அப்படியே இருந்தன.

இன்னொன்று. நீங்கள் இருவரும் எல்லா அடியையும் ஒரே சுருதியில் சேர்ந்தே பாடுகிறீர்கள். நல்ல குரல்கள், ஆனால் ஒன்று மற்றதை மூடுகிறது. சைமனும் கார்ஃபங்கிளும் 1953இல் ‘அலிஸ் இன் வொண்டர்லாண்ட்’ பள்ளி நாடகத்தில் சந்தித்தவர்கள். ஒருவர் வெள்ளை முயல், மற்றவர் செஷயர் பூனை. மூக்கோடு மூக்கு முட்டுமளவுக்கு எதிரெதிரே இருந்து, மற்றவர் வாயசைவைப் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். 1957இல், பதினாறு வயதில், ‘டொம் அன்ட் ஜெரி’ என்ற பெயரில் போட்ட இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலில் 49ஆம் இடம் வரை போனது. அதற்குப் பிறகு ஏழு வருசம் கழித்துத்தான் இந்த ‘முதல்’ அல்பம். வில்சன் கையில் எடுத்த நாடாவில் இருந்த இணைவுக்குப் பத்து வருசத்துக்கு மேல் வயது. உங்களுக்கு இரண்டு வருசம்தான் ஆகிறது தம்பி, விடுகிற பேச்சை எடுக்காதீர்கள்.

நமக்குப் பிற்பாட்டு இருக்கிறது. ஒருவர் அடியை முடிக்க மற்றவர் அதன் வாலைப் பிடித்து எடுக்கட்டும். கடைசி அடியில் மட்டும் சேருங்கள், அங்கேயும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று பாருங்கள். பீட் இல்லாத ஆறையும் யூடியூபிலிருந்து எடுத்துவிடாதீர்கள். 1964இன் அந்த நாடா பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்ததால்தான் வில்சனுக்கு வேலை இருந்தது.

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஓர் அண்ணாவியார் இருக்கிறார். உங்கள் மூன்றாவது கவியைப் போனில் போட்டுக் காட்டினேன். இழுவை வந்த இடத்தில் அவர் விரல் கதிரைக் கையில் அடிப்பதை நிறுத்தியது, நண்பர் அடுத்த அடியை எடுத்ததும் மறுபடி தொடங்கியது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருவரும் கிற்றாரோடு வாருங்கள். அவர் மத்தளத்தை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.