எக்ஸ்ரே நார்மல், எம்ஆர்ஐ நார்மல், ஆனாலும் முழங்கால் வலி: டி2 மேப்பிங் எடுக்கலாமா?

வணக்கம். 38 வயது, படி இறங்கும்போது வலி, எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியவே தெரியாது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும். வழக்கமான எம்ஆர்ஐ தேய்மானத்தையும் வெடிப்பையும் காட்டும். அதற்கு முந்தைய கட்டத்தில் குருத்தெலும்புக்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல் தளர்ந்து நீர் கூடும். டி2 மேப்பிங் என்பது எம்ஆர்ஐ மெஷினிலேயே எடுக்கும் ஒரு கூடுதல் ஸ்கேன். அந்த மாற்றத்தை அது மில்லிசெகண்ட் அளவாகக் காட்டுகிறது. நீர் கூடினால் அளவும் கூடும்.

எடுப்பதானால் 3 டெஸ்லா (காந்தத்தின் வலிமை) மெஷினில், முழங்காலைச் சுற்றிப் பொருத்தும் காயில் என்ற சிக்னல் வாங்கும் கருவியோடு எடுங்கள். முன்னதாக அரை மணி நேரம் காலுக்குப் பாரம் கொடுக்காமல் உட்கார்ந்திருங்கள். நடந்து வந்த கையோடு படுத்தால், அழுத்தத்தில் நீர் பிதுங்கியிருப்பதால் அளவு குறைத்துக் காட்டும். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து இதற்குத் தேவையில்லை.

இந்த அளவை வண்ணப் படமாகத் தருவார்கள். அதில் கூடுதல் அளவைக் காட்டும் சிவப்பைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். மேலடுக்கில் அளவு இயல்பாகவே கூடுதல், எலும்பை ஒட்டிய அடுக்கில் குறைவு. தொடை எலும்பின் வளைவில், கொலாஜன் இழை காந்தப்புலத்துக்கு 55 டிகிரி சாயும் இடத்திலும் பொய்யாகக் கூடும். வேறு மெஷினின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. அடுத்த வருடம் எடுத்தாலும் அதே மெஷின், அதே செட்டிங்.

இன்னொன்று, குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது, வலி எலும்பு போன்ற வேறு இடத்திலிருந்து வரலாம். அதனால் செலவு செய்யும் முன், இருக்கிற எம்ஆர்ஐயில் கொழுப்பை அடக்கி எடுத்த படங்களில் முட்டிச்சில்லு எலும்புக்குள் நீர் கோத்ததைக் காட்டும் வெள்ளைத் திட்டு உண்டா என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள்.