மாலையில் ஏரிக்கரையில் தூண்டில் போடும்போது கொசு, பூச்சிக்கடியிலிருந்து எப்படித் தப்பிப்பது?

"கொசுவத்தி, கிரீம் எல்லாம் பார்த்தாச்சு, ஐந்தரை மணிக்கு மேல் கரையில் உட்காரவே முடியவில்லை, வேறு வழி இருக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு வந்திருக்கும் பதில்களைப் பார்த்தேன். ஒருவர் "மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள்" என்கிறார். இன்னொருவர் கைபேசியில் ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் செயலியைச் சொல்கிறார். முதலாமவருக்காவது நகைச்சுவை உணர்வு இருக்கிறது. இரண்டாவது ஆள் சொல்வதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தச் சத்தத்துக்கு எந்தக் கொசுவும் நகராது.

உங்கள் நிலைமையை நானே ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். வேலை முடிந்து நேரே வண்டியை ஏரிக்கு விடுகிறீர்கள். கறுப்பு அல்லது கருநீல டீ-ஷர்ட், அரைக்கால் சட்டை, செருப்பு. வெயிலுக்குப் பயந்து சீமைக்கருவேல நிழலில், புல்லில் துண்டை விரித்து உட்காருகிறீர்கள். சரியா? நான் நான்கு வருடம் அப்படித்தான் உட்கார்ந்தேன். அதற்கான பலனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அனுபவித்தும் விட்டேன். அதனால்தான் வழக்கமாக வாசிப்பதோடு நிறுத்திக்கொள்கிற நான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவன் இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். மருந்து மாத்திரை பற்றிக் கீழே வருவதெல்லாம் எனக்கு நடந்தது மட்டும்தான். அப்புறம், "ஒரு உயிரைப் பிடிக்கப் போனால் இன்னொரு உயிர் உன்னைக் கடிக்கத்தான் செய்யும்" என்று எழுதத் தயாராக இருக்கும் அன்பர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என்ன குழம்பு?

சரி, கொசுவுக்கு வருவோம். கொசு பலமாகப் பறக்கக்கூடியது அல்ல. காற்றடிக்கிற இடத்தில் அதனால் நிலையாக உட்கார்ந்து கடிக்க முடியாது. நாம் விடும் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வியர்வை நாற்றத்தையும் வைத்துத்தான் நம்மைத் தேடி வருகிறது, அந்த வாசனையையும் காற்று கலைத்துவிடும். அதனால் உட்காரும் இடம்தான் பாதி வேலை. எங்கள் ஏரியில் கலங்கல் கல்கட்டு, அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடத்துக் கல்கட்டு, இருக்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று சும்மா பிய்த்துக்கொண்டு போகும். அங்கே உட்கார்ந்த நாட்களில் கொசுக்கடி கால்வாசிகூட இருக்காது. நிழல் கிடையாது, அது உண்மைதான். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்புத் துணி கொசுவைக் கூப்பிடும். வெளிர் நிறத்தில், தொளதொளவென்று, முழுக்கை சட்டை போடுங்கள். உடம்போடு ஒட்டிய துணி என்றால் அதன் மேலேயே ஊசியை இறக்கிவிடும். என் மைத்துனன் ஜிம்முக்குப் போடும் இறுக்கமான கால்சட்டையோடு வந்து தொடை முழுக்கத் தடிப்போடு வீடு திரும்பினான். அவன்தான் என்னைப் பார்த்து, "மாமா, கொசு கடிக்கிறதைவிட நீங்க அடிக்கிற சத்தத்துலதான் மீன் ஓடுது" என்று சொன்னவன்.

கொசுவத்தி திறந்தவெளியில் வேலைக்கு ஆகாது. புகை காற்றோடு போய்விடும், காற்றில்லாத நாளில் உங்கள் நெஞ்சுக்குள் போகும். நொச்சித்தழை மூட்டம் போடலாம், ஆனால் கோடையில் கரைப்புல் காய்ந்து கிடக்கும்போது போட்டுவிடாதீர்கள். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசினால் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குமேல் அடிக்கொரு தரம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கொசுவிரட்டிப் பட்டையை நானும் ஒன்று வாங்கினேன். பட்டைக்கு இரண்டு விரல் தள்ளிக் கடித்தது. அமெரிக்காவில் ஆட்களைக் கொசுக்கூண்டுக்குள் கையை விடச் சொல்லிச் செய்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. பட்டைகள் சுத்தமாகப் பயனில்லை, சிட்ரொனெல்லா எண்ணெய் கலந்தவை பெரும்பாலும் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை, டீட் என்ற கொசுவிரட்டி மருந்து 24 சதவீதம் கலந்தது மட்டும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்தது.

இந்த டீட் என்பது 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கண்டுபிடித்தது. நம் கடைகளில் கிடைக்கும் ஓடோமாஸில் இருப்பது அது இல்லை, அதன் பங்காளி மாதிரியான டைஎத்தில் பென்சமைடு, 12 சதவீதம். அதுவும் வேலை செய்யும், வியர்த்தால் மறுபடி பூச வேண்டும், அவ்வளவுதான். வெயில் கிரீமும் பூசுவீர்கள் என்றால் முதலில் அது, காய்ந்தபிறகு மேலே கொசு மருந்து. டீட்டில் சதவீதம் கூடினால் நேரம்தான் கூடும், அதுவும் 50க்கு மேல் போனால் பெரிய வித்தியாசமில்லை. அதிகச் சதவீதம் அதிக வீரியம் என்று நினைத்துத் தேடித்தேடி வாங்கினேன் பாருங்கள், அங்கேதான் முதல் அடி.

எங்கள் பக்கம் விராலுக்கு ரப்பர் தவளை போடுவோம். ஆகாயத்தாமரை ஓரமாக வீசி, தத்தித் தத்தி வருகிற மாதிரி இழுக்க வேண்டும். என்னிடம் பச்சை முதுகும் மஞ்சள் வயிறுமாக ஒரு தவளை இருந்தது. 350 ரூபாய், மனைவியிடம் 80 என்று சொல்லியிருந்தேன். உள்ளங்கையில் மருந்தை ஊற்றி, கழுத்து, காது, புறங்கை எல்லாம் தேய்த்துவிட்டு அதே கையால் தவளையை எடுத்து முடிச்சுப் போட்டேன். தங்கூசி நரம்பை இறுக்கும்போதே விரல் பிசுபிசுத்தது. தவளையின் முதுகு வெல்லப்பாகு மாதிரி இளகி, என் கட்டைவிரல் ரேகை, நடுவில் இருக்கும் சுழி உட்பட, பத்திரப்பதிவு அலுவலகத்தில் வைத்த மாதிரி அதில் பதிந்திருந்தது. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கண்ணாடி ஃபிரேம், வாட்ச், கைபேசி உறை, ரீல் பிடி, எல்லாவற்றுக்கும் ஆபத்துதான். பருத்தித் துணியை ஒன்றும் செய்யாது. இப்போதெல்லாம் இடது புறங்கையில் ஊற்றி வலது புறங்கையால் தேய்த்துக்கொள்கிறேன், உள்ளங்கையில் படவிடுவதே இல்லை. பிகாரிடின் என்று இன்னொரு மருந்து இருக்கிறது, அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, ஆன்லைனில் கிடைத்தால் அதை வாங்குங்கள். துணியில் தெளிக்கும் பெர்மெத்ரின் கிடைத்தால் வீட்டிலேயே தெளித்துக் காயவைத்துவிட்டுப் போங்கள், கரையில் வைத்து வேண்டாம். அது மீனுக்குக் கடும் விஷம். தோலிலும் பூசக் கூடாது.

கொசு விஷயம் இவ்வளவுதான். எனக்கு வினை வந்தது கொசுவால் இல்லை.

கலங்கல் கல்கட்டு என்றேனே, அந்த இடம் இப்போது எனக்கில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாத கதை என்று தோன்றலாம், பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, பிடித்ததில் பெரியதாக ஒன்றைக் காட்டிவிட்டு, ஐந்தாறு பேர் நிம்மதியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு தம்பி கேமராவோடு வந்தான். மரியாதையான பையன், எங்களை அண்ணா அண்ணா என்றான், டீ வாங்கிக் கொடுத்தான். வீடியோவில் ஏரியின் பெயர், வழி, எந்தக் கல்லில் உட்கார்ந்தால் விரால் விழும் என்பதுவரை போட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு கல்கட்டில் நாற்பது பேர். பீர் பாட்டிலை உடைக்கிறான், அறுந்த நரம்பை அப்படியே விடுகிறான், ஒரு நீர்க்காகம் அதில் சிக்கித் தொங்கியது. நாலாவது வாரம் குத்தகைக்காரர் கல்கட்டில் தூண்டிலே கூடாது என்று கயிறு கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் இந்தப் பதிலில் ஏரிப் பெயர் இல்லை, கமெண்டில் கேட்காதீர்கள்.

கல்கட்டு போனதும் நான் ஏரியின் வால்பக்கம், புல்லும் புதருமான இடத்துக்குப் போனேன். அது மழை முடிந்த சமயம், முழங்கால் உயரம் புல். வியர்வைத் துண்டைப் புதர்மேல் காயப்போட்டு, கிளம்பும்போது அதையே எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூண்டிலைச் சுருட்டுவது என் பழக்கம். கொசுவை மட்டும்தான் எதிரி என்று நினைத்திருந்தேன். அந்தப் புதரில் இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கவும் முடியாது.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை, தலையை யாரோ செக்கில் வைத்து ஆட்டுகிற மாதிரி வலி. ஊரில் ஒரு கிளினிக்கில் மூன்று நாள் ஊசி போட்டார்கள். டெங்கு பரிசோதனையில் இல்லை என்று வந்தது, ஆனால் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. மலேரியாவும் இல்லை. எங்கள் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அடுத்த பயம் மூளைக்காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் தெரியவந்ததே 1955இல் வேலூர்ப் பக்கம்தான். வீட்டில் அழுகை ஆரம்பமாகிவிட்டது. ஏழாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. மருத்துவம் படித்து முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதிகம். ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, புல்லு, புதர் பக்கம் போவீங்களா?" என்றார். மனைவி முந்திக்கொண்டு, "அங்கதான் குடியிருக்காரு" என்றாள். அக்குள், முட்டிக்குப் பின்புறம் எல்லாம் பார்த்தார். பிறகு, "அரைஞாண் கயிறு கட்டிருக்கீங்களா? கொஞ்சம் இறக்குங்க." கயிற்றுக்கு அடியில், இடது பக்கம், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிச் சிவப்பு வளையம். பீடியால் சுட்ட மாதிரி. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. கயிறு உராய்ந்த புண் என்று நானே இரண்டு நாள் தேங்காயெண்ணெய் வைத்திருந்தேன். அந்த டாக்டரம்மா முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, ஐந்து கிலோ கட்லா விழுந்தவன் முகத்தில்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவார்கள், ஆனால் இது மாட்டு உண்ணி இல்லை. புல்புதரில் இருக்கும் ஒரு நுண்ணிய சிலந்திவகைப் பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. வளர்ந்த பூச்சி கடிக்காது, குஞ்சு மட்டும்தான், அதுவும் ஒரு மில்லிமீட்டரில் கால்வாசிகூட இருக்காது. எலிமேல் ஏறக் காத்திருப்பது நம்மேல் ஏறிவிடுகிறது. துணி இறுகும் இடத்தில்தான் பெரும்பாலும் கடிக்கும். என் விஷயத்தில் துண்டு வழியாக வந்து அரைஞாண் கயிற்றோரம் தங்கியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை கொடுத்தார்கள், பெரிய விலையில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கி இட்லி கேட்டேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் "புதர்ப் பக்கம் தூண்டில் போடப் போயிருந்தேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாததால் ஒரு வாரம் போனது. விட்டால் நுரையீரல், சிறுநீரகம்வரை போய் உயிருக்கே ஆபத்தாகும் நோய் அது.

இப்போது என் பழக்கம் மாறிவிட்டது. மடக்கு ஸ்டூல் ஒன்று வண்டியிலேயே இருக்கிறது, புல்லில் உட்காருவதில்லை. முழுக்கால் சட்டை, அதன் நுனி சாக்ஸுக்குள். பார்க்கக் கோமாளி மாதிரிதான் இருக்கும், மீன் பார்க்கப்போவதில்லை. சாக்ஸுக்கும் செருப்புக்கும் ஒத்துவராது என்பதால் பழைய கம்பெனி ஷூ. கணுக்கால், இடுப்புப் பட்டியைச் சுற்றி மருந்து. துண்டோ சட்டையோ புதர்மேல் போடுவது அறவே இல்லை, வண்டிக் கண்ணாடியில் மாட்டுகிறேன். வீட்டுக்குள் நுழையும் முன் துணிக்கல் பக்கத்திலேயே துணியைக் கழற்றி வெந்நீரில் ஊறப்போட வேண்டும், சோப்புப் போட்டு உடம்பைத் தேய்த்துக் குளிக்க வேண்டும், அரைஞாண் கயிற்றுக்கு அடியிலும் தேய்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம் மனைவி போட்டது. மாதாமாதம் புதுக் கயிறு மாற்றுவதும் அவள் ஏற்பாடுதான், அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது, வாதாடவும் நான் தயாரில்லை.

கேட்டதைவிட அதிகமாக எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி, மருந்து வாசனைக்கு மீன் வராது என்று சிலர் சொல்வார்களே, அது. கட்டைவிரல் ரேகை பதிந்த அந்தத் தவளையைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, சோப்பு நீரில் கழுவிப் பெட்டியில் தனியாக வைத்திருந்தேன். போன மாதம் அதில்தான் முக்கால் கிலோ விரால் விழுந்தது.